வசந்தப் பூக்கிழங்குகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: டியூலிப் கிழங்கை எவ்வளவு ஆழத்தில் நடுவது? எது மேல்பக்கம் என்றே தெரியவில்லை.

பதில்: கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. 5 செ.மீ. கிழங்கென்றால் 15 செ.மீ. குழி. கூர்முனை மேலே, தட்டைப் பக்கம் கீழே. தலைகீழாக நட்டிருந்தாலும் பதறாதீர்கள், தண்டு வளைந்து மேலே வந்துவிடும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். தண்ணீர் தேங்கும் மண்தான் ஆபத்து, கிழங்கு அழுகிவிடும்.

கேள்வி: எங்கள் பக்கம் குளிர் கிடையாது. ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்து நட்டேன். இலை வந்தது, பூ வரவில்லை.

பதில்: ஒரு மாதம் போதாது. டியூலிப்புக்கு 12 முதல் 16 வாரம் வரை, 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் வேண்டும், ஆனால் உறையக்கூடாது. அப்புறம், கூடவே ஆப்பிள், வாழைப்பழம் வைத்திருந்தீர்களா? பழங்கள் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். நானே ஒருமுறை ஒரு பை கிழங்கை இப்படிப் பாழாக்கியிருக்கிறேன். இவ்வளவு பாடு வேண்டாமென்றால், குளிர் கேட்காத அமரில்லிஸ் வையுங்கள்.

கேள்வி: பூ முடிந்ததும் இலை அலங்கோலமாகச் சாய்ந்து கிடக்கிறது. வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முடிச்சுப் போட்டும் வைக்காதீர்கள். முதல் வருஷம் நீங்கள் பார்த்த பூ, கிழங்கை வளர்த்து விற்றவரின் உழைப்பு. உங்கள் கைக்கு வரும்போதே மொட்டு உள்ளே தயாராக இருந்தது. அடுத்த வருஷப் பூ உங்கள் பொறுப்பு. அதற்கான சத்தை இந்த இலைதான் வெயிலில் சமைத்துக் கிழங்குக்கு இறக்குகிறது. தானாக மஞ்சளாகும்வரை, ஏறக்குறைய 6 வாரம், விட்டுவிடுங்கள். வாடிய பூவை மட்டும் கிள்ளுங்கள். விதை கட்டினால் சத்து அங்கே போய்விடும்.

கேள்வி: அப்படி விட்டும் இரண்டாம் வருஷம் டியூலிப் சிறுத்துவிட்டதே?

பதில்: உங்கள் தவறில்லை. டியூலிப்பின் தாய்க்கிழங்கு வருஷந்தோறும் தீர்ந்துபோகும். அந்த இடத்தில் வரும் குட்டிகள் பலவும் பூக்குமளவுக்குப் பருத்திருக்காது. திரும்பத் திரும்பப் பூக்க வேண்டுமென்றால் டாஃபடில் நடுங்கள்.

கேள்வி: அணில் தோண்டித் தின்கிறது.

பதில்: அதற்கும் டாஃபடில்தான். அதிலுள்ள லைகோரின் என்ற நஞ்சால் அணிலும் எலியும் அதை ஒதுக்கிவிடும். நமக்கும் அது நஞ்சுதான், வெங்காயக் கூடைப் பக்கம் வைத்துவிடாதீர்கள். டியூலிப்தான் வேண்டுமென்றால் நட்ட இடத்தின் மேல் கம்பிவலை விரித்து மண்ணைத் தள்ளுங்கள். முளை வலைக்கண் வழியே வெளியே வரும்.