கேள்வி பதில்: நீல மையில் ஓர் அத்தியாயம்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை வீட்டுப் புத்தகங்களையும் படிக்கும் பழக்கத்தையும் பற்றியவையாக இருந்ததால், அவற்றிலிருந்து நான்கையும், நம் ஊரைப் பற்றிய ஒன்றையும் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

கேள்வி: வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து என் மாமியார் பைண்டிங் செய்து வைத்த ஏழு தொகுதிகள் எங்கள் பரணில் இருக்கின்றன. அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தாள்கள் பழுப்பேறி ஓரம் உதிர்கின்றன, பூச்சியும் அரித்திருக்கிறது. பழைய பேப்பர் கடையில் போட்டுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: போட்டுவிடாதீர்கள், அம்மா. உங்கள் மனம் சொல்வதே சரி.

எங்கள் ஆயா சேர்த்த ‘பொன்னியின் செல்வன்’ தொகுதி ஒன்று இன்றும் என் மேசையருகே இருக்கிறது. 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுகள் கல்கி இதழில் வாரந்தோறும் வந்த கதை அது. இதழ் வீட்டுக்கு வந்ததும் தாத்தா படித்து, அத்தைமார் படித்து, எல்லோருக்கும் கடைசியாக ஆயா படித்த பிறகு, பின்னை நகத்தால் நிமிர்த்தி அந்த வாரத்துப் பக்கங்களை மட்டும் தனியே எடுத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் மடிப்புப் போக வைப்பாராம். ஒரு வாரத்து இதழ் மட்டும் இரவல் போய்த் திரும்பவில்லை. ஆயா வேறொரு வீட்டில் அதே இதழை இரண்டு நாள் தவணைக்கு வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் அந்த அத்தியாயம் முழுவதையும் நீல மையால் எழுதிவிட்டார். அச்சுப் பக்கங்களுக்கு நடுவே அந்தப் பதினொரு தாள்களும் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் ஆகையால் ரகரமும் றகரமும் பல இடங்களில் மாறிக் கிடக்கும். ஏழாம் தாளில் மை ஊறி ஒரு வரி அழிந்துபோக, அதே வரியை அதற்கு மேலேயே நுணுக்கி எழுதியிருக்கிறார். ஓவியர் மணியத்தின் படம் வந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே ‘இங்கு படம்’ என்று மட்டும் எழுதி வெறுமையாக விட்டிருக்கிறார்.

கதை எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தக் கட்டம் எங்கும் கிடைக்காது. உங்கள் மாமியாரின் தொகுதிகளிலும் இப்படி ஏதேனும் இருக்கக்கூடும். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். கதை முடிகிற பக்கத்தின் மறுபுறத்தில் அந்தக் காலத்துத் துணுக்கும், சோப்பு விளம்பரமும், ஒரு சமையல் குறிப்பும் பாதியில் நிற்கும். அவையும் அவர் வாழ்ந்த நாட்கள்தாம்.

இனி, காப்பாற்றும் வழி. முதலில் வெயிலில் போடாதீர்கள். அக்காலத்து இதழ்த்தாள் மரக்கூழை அதிகம் சுத்திகரிக்காமல் செய்த மலிவுத் தாள். வெயில் பட்டால் இன்னும் வேகமாகப் பழுத்து நொறுங்கும். காற்றோட்டமுள்ள நிழலில் பக்கங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தி, மெல்லிய தூரிகையால் தூசைத் துடையுங்கள். அரித்திருப்பது பெரும்பாலும் இராமபாணப் பூச்சியாக இருக்கும். அதற்குப் பசையிலுள்ள மாவுச்சத்தும் ஈரமும் வேண்டும். ஆகவே பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கி நிலைமை மோசமாகும். துணியில் சுற்றி, வசம்புத் துண்டு இரண்டை உடன் வைத்து, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அது பழுப்புக் கறையாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

முதுகு பிரிந்திருந்தால் கையால் தைக்கிற பழைய பைண்டர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மைதா பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுகிறவராக இருந்தால் நல்லது. பூச்சி அண்டாமலிருக்க அவர்கள் கைக்கொள்ளும் வழி அதுவே. முதுகுக்குக் காலிகோ துணி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ஓரம் வெட்ட வேண்டாம்’ என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். எங்கள் வீட்டு இன்னொரு தொகுதியை ஒரு பைண்டர் அழகுக்காக இயந்திரத்தில் கொடுத்து வெட்டியதில், ஆயா ஓரத்தில் எழுதி வைத்திருந்த தேதிகள் எல்லாம் போய்விட்டன. அந்தக் குறை எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்களுக்குப் பிறகு வீட்டில் எவருமே விரும்பமாட்டார்கள் என்று தோன்றினாலும் பேப்பர் கடை வேண்டாம். கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா தொழிலால் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் தம் வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தாம் 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. அத்தகைய இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சாப்பிடும்போது புத்தகம் படிப்பது என் பழக்கம். அம்மா தினமும் கோபிக்கிறார். இதில் தவறு என்ன?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: அம்மாவின் பக்கமே நிற்கிறேன், தம்பி. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கட்டுப் பக்கத்து உழவர்கள் அந்தக் காயைப் பறிக்கும்போது காம்பிலுள்ள முள் விரலில் குத்தும். அதை வாங்கி, முள் பார்த்து நறுக்கி, எண்ணெயில் வதக்கி உங்கள் தட்டில் வைத்தவர் எதிரில் நிற்கிறார். அந்தப் பதினைந்து நிமிடம் கண்ணும் நாவும் சோற்றுக்கே உரியவை. புத்தகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்காமல் ஒரு தாளைச் செருகி மூடி வையுங்கள், முதுகு உடையாது.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் பாடப்புத்தகம் தவிர எதையும் தொடுவதில்லை, கைப்பேசிதான் உலகம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தோடு நின்றுவிட்டான். எப்படிப் படிக்க வைப்பது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு)

பதில்: ஐயா, தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, என் வீட்டில் பலித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். புத்தகத்தைக் கொடுத்துப் ‘படி’ என்று சொல்லாதீர்கள். முதல் பத்து அத்தியாயங்களை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், இரவு ஒன்றுக்கு ஓர் அத்தியாயம் வீதம். வாரத் தொடராக வந்த கதை ஆகையால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சில் நிற்கும். அந்த முடிச்சில் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணையுங்கள். நான்காம் நாள் பிள்ளையே புத்தகத்தை எடுத்து வந்து உட்கார்ந்தான் என் அக்காள் மகன்.

இன்னொன்றும் உண்டு, அது நம் பக்கத்தவர்களுக்கு மட்டும் வாய்த்த வசதி. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறானே வந்தியத்தேவன், அவனைக் கல்கி வாணர் குலத்து வீரனாகக் காட்டுகிறார். வாணர்களின் வாணபுரம் என்று வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்பது காட்பாடியை அடுத்த திருவல்லத்தை. தங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரனை அழைத்துக்கொண்டு போங்கள். பொன்னையாற்றங்கரையில், நீவா நதி என்று பழையவர்கள் சொல்லும் அந்த ஆற்றங்கரையில், சம்பந்தர் பாடிய வில்வநாதர் கோயில் இருக்கிறது. பெரும்பாலான சிவன் கோயில்களில் சுவாமியைப் பார்த்து அமர்ந்திருக்கும் நந்தி, அங்கே முகத்தைத் திருப்பி வெளியே பார்த்து அமர்ந்திருக்கும். ‘ஏன் தாத்தா திரும்பியிருக்கிறது?’ என்று அவன் கேட்பான். கஞ்சனகிரி மலையிலிருந்து அபிடேகத்துக்கு நீர் கொண்டுவரத் தடையாயிருந்த அசுரனையும், அவனைத் துரத்திவிட்டு மீண்டும் வராதபடி காவலிருக்கும் நந்தியையும் பற்றிய தலபுராணக் கதையை அங்கேயே உட்கார்ந்து சொல்லுங்கள். கல்வெட்டு எழுத்துகளைத் தொடாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மண்ணில் ஆண்ட குலத்தவன்தான் கதையில் தஞ்சைக்குப் போகிறான் என்று தெரிந்த பிறகு, அந்தக் குதிரை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறிய அவனுக்கே ஆசை பிறக்கும்.

கைப்பேசியைப் பிடுங்குவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பிடுங்கிய இடத்தில் வைப்பதற்கு முதலில் நம் குரல் இருக்கட்டும்.

கேள்வி: ‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்’ என்று நம் வேலூரைச் சொல்வார்களே, அதை என் மகள் பள்ளிக் கட்டுரையில் எழுதினாள். ஆசிரியர் ‘ஊரை இழிவு செய்யாதே’ என்று அந்த வரியை அடித்துவிட்டார். எழுதியது தவறா?
(வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: எழுதியது தவறன்று. வாய்வழியாக வந்த சொலவடை எதுவானாலும் அது ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட ஆவணம். ஆனால் மகளிடம் அடுத்த பத்தியையும் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் சொலவடைக்குப் பிறகும் காலம் நடந்திருக்கிறது.

‘சாமியில்லாக் கோயில்’ என்பது 1981இல் முடிந்துபோயிற்று. கோட்டைக்குள் பல தலைமுறைகளாக மூலவரின்றி இருந்த ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு அந்த ஆண்டு மார்ச் மாதம் லிங்கம் கொண்டுவரப்பட்டது. அதுவரை அது இருந்தது உங்கள் சத்துவாச்சாரியில். மகளுக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறென்ன வேண்டும்? ‘நீரில்லா ஆறு’ என்பதற்கு 2021 நவம்பர் மழை விடை சொன்னது. பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் திரண்டது. செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போன அந்த வெள்ளத்தை நானும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தேன். பிறகு வழக்கம்போல் மணல் தெரிந்தது. ஆற்றின் நோய் வறட்சி மட்டுமன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவும் சேர்ந்துதான். 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கழிவைப் பற்றி வழங்கிய தீர்ப்பு, வேலூர்க் குடிமக்களின் நலமன்றம் தொடுத்த வழக்கில் வந்தது. இவ்வளவையும் சேர்த்து எழுதினால் ஆசிரியரும் மகிழ்வார். அரசனில்லாக் கோட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அகழியில் நீர் நிற்கிறது.

கேள்வி: இரவல் கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கேட்பது நாகரிகமாகுமா? கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
(வாசகி, ராணிப்பேட்டை)

பதில்: தாராளமாகக் கேளுங்கள். கொடுக்கும்போதே ஒரு நோட்டில் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் கண் முன்னாலேயே குறித்தால் அவருக்கும் நினைவிருக்கும். நான் ஒருவருக்குக் கொடுத்த நாவல் நான்கு ஆண்டுகளாகத் திரும்பவில்லை. சென்ற தை மாதம் துணிந்து அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளறையிலிருந்து அவருடைய மகள் அதை எடுத்து வந்து, விரலை நடுப்பக்கத்தில் வைத்தபடியே நின்றாள். இன்னும் நூறு பக்கம் பாக்கி என்றாள். நோட்டில் அவருடைய பெயரை அடித்துவிட்டு அந்தப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டு வந்தேன்.