மேல்மாடிக்குத் தனி உறுதி எழுதலாமா?

கேள்வி: கல்முனையில் 10 பேர்ச் வளவில் எங்கள் இரண்டு மாடி வீடு. கீழ் வீட்டை மூத்த மகளுக்கும் மேல் வீட்டை இளையவளுக்கும் சீதனமாகக் கொடுக்க நினைத்தோம். மேல்மாடிக்கு மட்டும் உறுதி முடிக்க இயலாது என்கிறார் நொத்தாரிசு. உண்மையா?

பதில்: உண்மைதான். காணியில் எழுந்த கட்டடம் காணியோடு சேர்ந்தது என்பதே இலங்கையின் பொதுச் சட்டம். மாடியைத் தனியே ஒருவர் பேரில் எழுத வழி திறந்தது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். வீட்டைக் கூட்டாதனமாக (கொண்டோமினியம்: ஒரே கட்டடத்தில் அலகுகள் தனித்தனியே சொந்தம், பொதுப் பகுதிகள் எல்லோருக்கும் கூட்டாகச் சொந்தம்) பதிந்தால் கீழும் மேலும் தனித்தனி அலகுகள். ஒவ்வொன்றுக்கும் தனி உறுதி முடிக்கலாம்.

பலர் செலவுக்குப் பயந்து பிரிபடாத அரைப் பங்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த அறை யாருடையது என்று அந்த உறுதி சொல்லாது. பங்காளி ஒருவர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பிரிவிடல் வழக்குப் போட்டால், மாடி வீட்டைக் கோடு கிழித்துப் பிரிக்க முடியாமல் நீதிமன்றம் விற்கவே கட்டளையிடலாம். அக்காவும் தங்கையும் ஒரே வளவில் இருக்கத்தானே இந்த வீட்டைக் கட்டினீர்கள்?

முதலில் பழைய பைலைத் தேடுங்கள். மாநகர சபை அங்கீகரித்த வரைபடமும், அதன்படியே கட்டியிருப்பதாகச் சபை தரும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் தடைப்படும்: கீழ் வீட்டுக்கு மட்டும் அனுமதி இருக்கும், மேல்மாடி பிறகு எழும்பியிருக்கும். அப்படியானால் உள்ளபடி வரைபடம் கீறி, பொறியியலாளரின் அறிக்கையோடு சபையில் அதைச் சீர்செய்த பிறகே அடுத்த படி. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியையும் பாருங்கள்.

அடுத்தது படிக்கட்டு. மூத்தவளின் ஹோலுக்குள்ளால் ஏறும் படி இருந்தால் வெளியே தனிப் படி கட்டுங்கள். இல்லாவிட்டால் தங்கை வீட்டுக்கு வருகிறவர் எல்லாம் அக்கா வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். மின்மானியும் தண்ணீர் மானியும் தனித்தனியாக இருக்கட்டும். மலக்குழி, கூரை, தூண்கள், கேற்றடி வழி பொதுவாகவே இருக்கும். உப்புக் காற்றில் வளைகளின் கம்பி துருப்பிடித்துச் சிமெந்து உதிர்ந்திருந்தால் பதிய முன்னரே திருத்துங்கள். பதிந்த பிறகு அந்தச் செலவு இரண்டு வீட்டுக்கும் விழும், யார் எவ்வளவு என்று மனத்தாங்கல் வரும்.

இவ்வளவும் சரியானால் அனுமதி பெற்ற நில அளவையாளர் கூட்டாதன வரைபடம் தயாரிப்பார். அலகுகளின் பரப்பு, பொதுப் பகுதிகள், ஒவ்வொரு அலகின் பங்குப் பெறுமதி எல்லாம் அதில் வரும். செலவிலும் வாக்கிலும் யாருக்கு எவ்வளவு என்பதை அந்தப் பெறுமதியே தீர்மானிக்கும். கையெழுத்து வைக்க முன் இரு மகள்மாரையும் இருத்தி வாசித்துக் காட்டுங்கள். பிறகு சபையின் அங்கீகாரம், கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையின் சான்றிதழ், காணிப் பதிவகத்தில் பதிவு. பதிந்ததும் உரிமையாளர்கள் அடங்கிய முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகிவிடும். வீடு ஈட்டில் இருந்தால் வங்கியின் சம்மதத்தை முதலே எழுத்தில் வாங்குங்கள். மேலே மூன்றாவது மாடி எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே அளவையாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மட்டக்களப்பு திருமலை வீதியில் பழைய கடைக் கட்டடத்தின் மேல்தளத்தை விலை பேசியுள்ளேன். கூட்டாதனப் பதிவு பிறகு வரும் என்கிறார் உரிமையாளர். முற்பணம் கொடுக்கலாமா?

பதில்: பதிவு இல்லாதவரை நீங்கள் வாங்குவதற்கு அலகே இல்லை. அதிகார சபையின் சான்றிதழையும் பதிவகப் பக்கத்தையும் நொத்தாரிசு மூலம் பார்த்த பிறகு கொடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய விற்பனை உடன்படிக்கை காணி விடயத்தில் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அது நொத்தாரிசு முன்னிலையில் முடித்ததாக இருக்கவேண்டும். கீழே வாடகைக்கு இருப்பவர்களின் உடன்படிக்கைகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.