அண்ணாச்சி, டவர் கிடைக்கலையே!

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் மொத்தமா கொட்டிப் பாத்தா பாதிக்கு மேல டவர் புலம்பல்தான். சரி, சினிமாவும் அரசியலும் அடுத்த மாசம் வச்சுக்கிடுவோம். நான் டெலிபோன் கேபிள் ஜாயின்ட் போட்டே முடி நரைச்சவன், அதனால இந்தக் கேள்வியெல்லாம் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் கை அரிச்சுட்டு, நீளமாப் போச்சுன்னா பொறுத்துக்கிடுங்க.

கேள்வி: எங்களுது பழைய காலத்து வீடு. மட்டப்பாவுல ஏறி நின்னா 5ஜி பறக்கு, அடுக்களைக்குள்ள வந்தா ஒத்தக் கோடு, சில நேரம் அதுவும் இல்ல. டவர் ரெண்டு தெரு தள்ளித்தான் நிக்கி. என்ன கோளாறு அண்ணாச்சி?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: கோளாறு டவர்ல இல்ல தங்கச்சி, உங்க வீட்டுத் தாத்தா கட்டுன செவத்துல இருக்கு. ஒன்றரை அடி கனத்துல சுண்ணாம்புக் காரை போட்டு கட்டிருப்பாங்க, வெயில உள்ள விடாத செவரு சிக்னலை மட்டும் எப்படி விடும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சிக்னல்னா ஒரே மாதிரி இல்ல, நீட்ட அலை இருக்கு, குட்டை அலை இருக்கு. 700 மெகாஹெர்ட்ஸ்னு சொல்லுதாங்களே, அந்த அலை ஒண்ணோட நீளம் 43 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழம். நம்ம ஊர்ல 5ஜி பெரும்பாலும் ஓடுறது 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல, அதோட அலை 9 சென்டிமீட்டர்தான், கையை விரிச்சு வச்சா உள்ளங்கை அகலம். நீட்ட அலை செவத்தைத் தாண்டும், மூலையில வளைஞ்சு வரும், ரொம்ப தூரம் போகும். குட்டை அலைக்கு அந்தத் தெம்பு கிடையாது, செவரு, வேப்ப மரம், மழையில நனைஞ்ச தென்னந்தோப்பு எது குறுக்க நின்னாலும் சோர்ந்து போகும்.

பெறகு எதுக்கு அந்தக் குட்டை அலையைக் கட்டி அழுதாங்கன்னு கேப்பீங்க. எடம் அங்கதான இருக்கு! 2022 அலைக்கற்றை ஏலத்துல ஜியோ 700ல வாங்குனது 10 மெகாஹெர்ட்ஸ் அகலம், 3300 பக்கத்துல வாங்குனது 100. ஒண்ணு நம்ம ஊரு முடுக்கு மாதிரி, எங்க வேணா நுழையும் ஆனா ஒரு சைக்கிள்தான் போகும், இன்னொண்ணு நாலுவழிச் சாலை, பறக்கலாம், ஆனா வீட்டு வாசல் வரைக்கும் வராது. அதனாலதான் உங்க போன் உள்ள வந்ததும் 5ஜியை விட்டுட்டு 4ஜிக்கு எறங்கிக்கிடுது.

வீட்டுல வைஃபை இருந்தா போன் செட்டிங்ஸ்ல வைஃபை காலிங்னு ஒண்ணு கெடக்கும், அதைப் போட்டு விடுங்க. நம்ம நாட்டுல 2019 டிசம்பர்ல வந்தது, காசு தனியா கிடையாது, நெறைய பேருக்கு அது இருக்கதே தெரியாது. அடுக்களையில நின்னுக்கிட்டே பேசலாம். அதை விட்டுட்டு ஆன்லைன்ல 'சிக்னல் பூஸ்டர்'னு விக்குதானே, அதை மட்டும் வாங்கிராதீங்க. லைசென்ஸ் இல்லாம வைக்கது சட்டப்படி குத்தம், அதோட நீங்க நல்லா பேசுவீங்க, தெருவுல மத்தவன் எல்லாவனுக்கும் கால் கட்டாகும். எங்க தெருவுலயே ஒரு மகராசன் வச்சிருந்தாரு, ரெண்டு மாசம் தெருவே டவர் கம்பெனியைத் திட்டிக்கிட்டு கெடந்தோம்.

கேள்வி: ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதியில நின்னேன். போன்ல ஃபுல் கோடு காட்டுது, ஆனா தொலைஞ்சு போன மச்சானுக்கு ஒரு கால் போகல. அப்போ கோடுன்னு ஒண்ணு எதுக்கு?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மச்சான் கிடைச்சாரா இல்லையான்னு எழுதலையே! கோடு சொல்லுறது டவர் சத்தம் உங்க காதுல எவ்வளவு நல்லா விழுதுங்கறதை மட்டுந்தான். உங்களுக்குப் பதில் சொல்ல டவருக்கு நேரம் இருக்கான்னு அது சொல்லாது. கல்யாணப் பந்தியில பரிமாறுதவரு கண்ணுக்கு நேரா நிப்பாரு, ஆனா நம்ம எலைக்கு சாம்பார் வராது, அந்தக் கதைதான்.

கன்னடியன் கால்வாய்ல தண்ணி வரும்போது பாத்திருக்கீங்கள்ல, பாபநாசத்துல அணை நெறஞ்சு கெடக்கும், கால்வாயிலயும் ஓடும், மேல இருக்கவங்க எல்லாரும் மடையைத் திறந்துட்டா கடைமடைக்காரன் மண்ணைத்தான் பாக்கணும். ஒரு டவர்ல பொதுவா மூணு பக்கம் பாத்து ஆன்டெனா இருக்கும், ஒவ்வொரு பக்கமும் ஒரு மடைன்னு வைங்க. சாதாரண நாள்ல சில நூறு பேருக்குப் போதும். தேர் அன்னைக்கு அந்த ஒரு பக்கத்துக்குள்ள அத்தனை சனம், அதுல பாதிப் பேரு தேரை வீடியோ எடுத்து அப்பமே ஸ்டேட்டஸ் வேற போடுதான்.

5ஜி இதுல நெசமாவே ஒரு புதுசு கொண்டு வந்திருக்கு. பழைய ஆன்டெனா மைக் செட்டு மாதிரி, ஊருக்கே பொதுவாக் கத்தும். புதுசுல ஒரே பெட்டிக்குள்ள 32, 64ன்னு தனித்தனியா கட்டுப்படுத்துத ஆன்டெனா பாகங்கள் இருக்கு, அதெல்லாம் சேந்து உங்க போன் நிக்க பக்கமாப் பாத்து சிக்னலைக் குவிச்சு அனுப்பும், பக்கத்துல நிக்கவனுக்கு அதே நேரத்துல வேற ஒரு குவியல். இதைத்தான் 'மாஸிவ் மைமோ'ன்னு சொல்லுவாங்க. அடுத்த வருசம் தேருக்கு 5ஜி போன் கொண்டு போய்ப் பாருங்க, இல்லேன்னா 'சந்திப் பிள்ளையார் கோயில் முக்குல நில்லு'ன்னு முன்னாடியே சொல்லி வச்சிருங்க, அது எந்த நெட்வொர்க்லயும் ஃபெயில் ஆகாது.

கேள்வி: மேல 5ஜின்னு எழுத்து காட்டுது, யூட்யூப் சுத்திக்கிட்டே கெடக்கு. ஏமாத்துதாங்களா?
– வாசகர், திசையன்விளை

பதில்: முழுசா ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். டவருக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாக்கணும். அடுத்த தடவை டவரை அண்ணாந்து பாத்தா நீளப் பெட்டிகளோட வட்டமா மேளம் மாதிரி ஒண்ணு தொங்குதான்னு கவனிங்க. அந்த மேளம் இருந்தா அந்த டவருக்கு ஃபைபர் கேபிள் இன்னும் வரலன்னு பெரும்பாலும் அர்த்தம், பக்கத்து டவர்கிட்ட இருந்து காத்து வழியா கடன் வாங்கிட்டு இருக்கு. முன்னால பந்தல் பெருசாப் போட்டுட்டு பின்னால ஒத்த அடுப்பு வச்சா எப்படி இருக்கும்! கம்பி இல்லாத போன்னு பேருதான், நான் கேபிள்காரன்கிறதால சொல்லல, உங்க போன்ல இருந்து டவர் வரைக்குந்தான் காத்து, அதுக்கு அங்கிட்டு பெரும்பாலும் மண்ணுக்குள்ள ஓடுற கண்ணாடி இழை, அந்த ஃபைபர்தான் தாங்குது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்களுக்கு மூணு நாள் போனே இல்ல. இவ்வளவு டெக்னாலஜி பேசுதாங்க, ஒரு மழைக்கு எல்லாம் ஏன் படுத்துச்சு?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம் பக்கம்

பதில்: அதை ஒரு மழைன்னு சொல்லாதீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. எங்க அக்கா வீடு ஏரல் பக்கம், 17ஆம் தேதி ராத்திரி 'தண்ணி தார்சா வரைக்கும் வந்துட்டுடா'ன்னு சொன்னதோட போன் கட், பெறகு மூணு நாள் தாக்கலே இல்ல. நான் அந்த மூணு நாளும் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

மழை நேரடியா சிக்னலைப் பெருசா ஒண்ணும் செய்யாது. நம்ம போன் பேசுத அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்ல. அந்த மேளம் சொன்னேன்ல, அதுல போற அலை ரொம்பக் குட்டை, அது வேணா பேய் மழையில திணறும். உண்மையில டவரைக் கொன்னது கரண்ட். கரண்ட் போனா பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பெறகு ஜெனரேட்டர், அதுக்கு டீசல். ரோடே இல்லாத ஊருக்கு டீசலை யாரு கொண்டு போவா, சில எடத்துல ஜெனரேட்டரே தண்ணிக்குள்ள. ரெண்டாவது, ஃபைபர் கேபிள் ஆத்தைத் தாண்டணும்னா பெரும்பாலும் பாலத்தை ஒட்டித்தான் போகும், பாலத்தோரம் அரிச்சுட்டுப் போனா கேபிளும் சேந்து போச்சு. மூணாவது நெறைய பேருக்குத் தெரியாது, ஒரே டவர்லதான் ரெண்டு மூணு கம்பெனியும் வாடகைக்கு இருக்கும். அதனாலதான் 'ரெண்டு சிம் வச்சிருந்தேன், ரெண்டும் போச்சு'ன்னு அத்தனை பேரு சொன்னாங்க.

ஒரு விஷயம் நல்லா வந்திருக்கு. 2023லயே நாடு முழுக்க போன் திடீர்னு அலறி ஒரு மெசேஜ் வந்துச்சே, நம்மாளுக பயந்து போனை ஆஃப் பண்ணினாங்களே, அது செல் பிராட்காஸ்ட் சோதனை. சாதாரண எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பரா போகணும், கூட்ட நேரத்துல தேங்கிரும். இது ரேடியோ மாதிரி, டவருக்குக் கீழ இருக்க எல்லா போனுக்கும் ஒரே தடவையில விழும், ஆள் எத்தனைன்னு அதுக்குக் கணக்கே இல்ல. ஆனா டவர் உசுரோட இருக்கணும், அதனால எச்சரிக்கை முன்னாடியே வந்தாதான் பிரயோசனம். இன்னொண்ணு ஞாபகம் வச்சுக்கிடுங்க, உங்க சிம்முக்கு டவர் இல்லேன்னாலும் அவசர நம்பர் 112 அடிச்சா அங்க வேற எந்தக் கம்பெனி சிக்னல் இருந்தாலும் அது வழியாப் போகும்.

கேள்வி: எங்க மட்டப்பாவுல டவர் வைக்க மாசம் 40,000 வாடகை, 20 லட்சம் அட்வான்ஸ்னு மெசேஜ் வந்திருக்கு, ட்ராய், அதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அவங்க முத்திரை எல்லாம் போட்டு லெட்டரும் அனுப்பிருக்காங்க. முதல்ல வரி 18,500 கட்டணுமாம். கட்டலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கட்டாதீங்க! உங்களுக்கு 20 லட்சம் தரப்போறவன் அதுல கழிச்சுக்கிட மாட்டானா 18,500ஐ? ட்ராய் டவருக்கு எந்த என்ஓசியும், அதான் தடையில்லாச் சான்று, குடுக்கதில்ல, வரியும் வாங்கதில்ல. நெசக் கம்பெனி உங்ககிட்ட ஒத்தப் பைசா கேக்காது, ஆளு நேர்ல வந்து எடத்தை அளந்து பாப்பான், அதுவும் அவனுக்கு அந்த எடம் வேணும்னாதான். அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி தளத்துல சக்ஷுன்னு புகார் பகுதி இருக்கு, அதுல அந்த நம்பரைப் புகார் போடுங்க. யாராவது ஏற்கெனவே கட்டிட்டாங்கன்னா சைபர் மோசடி உதவி நம்பர் 1930க்கு உடனே அடிக்கணும், மறுநாள் பாப்போம்னு வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கக் கூடாது.

கேள்வி: டவர் கதிர்வீச்சுலதான் சிட்டுக்குருவி எல்லாம் செத்துச்சாமே? கேன்சரும் வருமாமே?
– ஒரு வாசகி, நாங்குநேரி

பதில்: குருவி போனதுக்கு டவர்தான் காரணம்னு யாரும் நிரூபிக்கல. ஓட்டு வீட்டு இடுக்குல கூடு கட்டுன பறவை அது, நாம ஓட்டைப் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டோம், முத்தத்துல நெல்லு காயப்போடுறதை நிப்பாட்டுனோம், தோட்டத்துக்கு மருந்தடிச்சு பூச்சியைக் கொன்னோம், குஞ்சுக்குப் பூச்சிதானே சாப்பாடு.

கேன்சர் கேள்வி பெருசு. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2011ல இந்த அலைகளை 'இருக்கலாமோ'ன்னு சந்தேகப்படுத 2பி பட்டியல்ல போட்டுச்சு. அதே பட்டியல்ல ஆசியப் பாரம்பரிய காய்கறி ஊறுகாயும் இருக்கு, அதுக்காக நான் தயிர்ச்சோத்தை வெறுமனே திங்கலை. எக்ஸ்ரே மாதிரி அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியுத சக்தி இந்த அலைக்குக் கிடையாது. இந்தியாவுல 2012 செப்டம்பர்ல டவர் வெளியிடுத அளவை உலக வரம்புல பத்துல ஒண்ணாக் கொறைச்சாங்க. சந்தேகம் இருந்தா தரங் சஞ்சார்னு அரசாங்கத் தளத்துல உங்க ஊர் டவரைப் பாக்கலாம்.

ஒரு வேடிக்கை சொல்லுதேன். டவர் தூரமா இருந்தாதான் உங்க கையில இருக்க போன் கூடுதலாக் கத்தும். பக்கத்துல டவர் இருந்தா போன் மெதுவாப் பேசும். டவரை வெரட்டுனா கதிர்வீச்சு கொறையும்னு போராடுதவங்க கொஞ்சம் யோசிக்கணும்.

கேள்வி: கரையில இருந்து கடலுக்குள்ள போக ஒரு தூரத்துக்கு மேல கோடு இருந்தாலும் கால் போக மாட்டேங்கு. காத்தாலயா?
– வாசகர், உவரி

பதில்: காத்து இல்ல அண்ணே, கணக்கு. பழைய 2ஜியில போன் பேசுனது டவருக்குப் போய்ச் சேர எவ்வளவு தாமதம்னு டவர் ஒரு அளவு வச்சிருக்கும், அந்த அளவு 35 கிலோமீட்டரோட முடிஞ்சுரும். அதுக்கு மேல சத்தம் கேட்டாலும் டவர் உங்களைச் சேத்துக்கிடாது. 4ஜியில அதைவிட தூரம் போக வழி இருக்கு, ஆனா பூமி உருண்டை, 40 மீட்டர் டவர்னா வள்ளத்துல நிக்கவருக்கு முப்பது கிலோமீட்டர் சுமாருல மறைஞ்சுரும். கடல்ல செவரு மரம் இல்லங்கதால அவ்வளவு தூரமாவது வருது.

அதுக்கு அப்பால சாட்டிலைட்தான். உங்களுக்குப் பக்கத்துல மகேந்திரகிரியில இஸ்ரோ ராக்கெட் இஞ்சின் சோதிக்கும்போது அந்த உறுமல் சுத்துப்பட்டுல கேக்கும்லா, அங்க சோதிச்ச கிரையோஜெனிக் இஞ்சின் போட்ட எல்விஎம்3 ராக்கெட்தான் 2022லயும் 2023லயும் இன்டர்நெட் தர்ற ஒன்வெப் சாட்டிலைட் 72ஐக் கொண்டு போச்சு. அதுக்குத் தனி ஆன்டெனா வேணும். 2025 டிசம்பர் 24ல அதே ராக்கெட் ஏத்துன புளூபேர்ட் சாட்டிலைட் சாதாரண போனோடயே நேரடியாப் பேசுறதுக்குச் செஞ்சது. அது உவரிக்கு வந்து சேருற வரைக்கும் விஎச்எஃப் ரேடியோ செட்டை வீட்டுல வச்சுட்டுப் போகாதீங்க, அவசரத்துக்குள்ள 16ஆம் சேனலைத் திறந்தே வைங்க.

கேள்வி: எங்க ஆச்சி பட்டன் போனை விட மாட்டேங்கா. 2ஜியை மூடிருவாங்களா? 6ஜி வேற வருதாமே?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 6ஜிக்கு 2030ன்னு நாள் குறிச்சிருக்காங்க, ஆச்சிக்கு அதுல ஆர்வம் இருக்கும்னு தோணல. ஜியோவுல 2ஜி ஆரம்பத்துல இருந்தே கிடையாது, ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல்ல ஓடுது. பட்டன் போன்லயே 4ஜி மாடல் விக்கி, பட்டன் அதே மாதிரி பெருசா இருக்கும். வாங்கிட்டு வந்து, பழைய ரிங்டோனை மட்டும் மறக்காம அதுல ஏத்திட்டுக் குடுங்க, ஆச்சி மாத்துனதையே கண்டுபிடிக்க மாட்டா.