ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயிலில்

கேள்வி: நானும் தோழியும் முதுகுப்பையோடு வியட்நாம் போகிறோம். ஹனோயில் இறங்கி, சைகோனிலிருந்து (ஹோ சி மின் நகரம்) திரும்புகிறோம். இடையில் விமானமா, ரயிலா? தோழி சுத்த சைவம். – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ரயில்தான். விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் நாட்டின் நடுப்பகுதி முழுவதும் விட்டுப்போகும்.

இந்தப் பாதை 1,726 கிலோமீட்டர். 1936இல் முழுமையடைந்து, நாடு இரண்டானபோது துண்டாகி, 1976 கடைசியில் மறுபடி இணைந்தது. ஒரே மூச்சில் போனால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படிப் போகாதீர்கள், ஹுவேயிலும் டா நாங்கிலும் இறங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஊர் ஹுவே. 1802 முதல் 1945 வரை அரசர்களின் தலைநகரம். 1947இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையிலும் 1968இல் வியட்நாம் போரிலும் கோட்டைக்குள் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பல அரண்மனைகள் நின்ற இடத்தில் அடித்தளமும் புல்லும்தான். ஹனோயின் பழைய தெருக்களில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே வழி தேடிவிட்டு இங்கே வந்தால், அந்த வெறுமையில் ஒரு பகல் முழுக்க நடக்கலாம். நான் அப்படித்தான் நடந்தேன். உங்கள் தோழிக்கும் இதுவே நல்ல ஊர். புத்த மடங்கள் நிறைந்த இடம் என்பதால் சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். பலகையில் 'சாய்' (Chay) என்று எழுதியிருந்தால் நம்பிப் போகலாம். மற்ற கடைகளில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஹுவே–டா நாங் பயணத்தைப் பகலில் வையுங்கள், இடதுபக்க ஜன்னல் கேளுங்கள். ஹாய் வான் மலையைச் சுற்றி ரயில் கடலை ஒட்டியே ஊர்ந்து போகும். டா நாங்கில், இந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் மக்களின் சிற்பங்கள் உள்ள சாம் அருங்காட்சியகத்தை விடாதீர்கள். சாம் மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய மீ சன் செங்கல் கோயில்களையும் அங்கிருந்தே பார்த்துவரலாம். பக்கத்திலுள்ள பழைய துறைமுக ஊரான ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது. டா நாங்கிலிருந்து பஸ்ஸோ டாக்ஸியோதான்.

அப்புறம் இரவு ரயிலில் நாலு பெர்த் பெட்டி எடுத்து சைகோன். அங்கே பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஊதுபத்தியோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்!

ஜனவரியில் போவதானால் ஹனோய்க்கு ஸ்வெட்டர் வேண்டும், சைகோனில் அதே மாதம் வியர்க்கும். அவர்கள் புத்தாண்டான டெட் சமயத்தைத் தவிருங்கள், ரயிலில் இடமே கிடைக்காது. இ-விசாவைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.