ஒரு சான்று போதாது: சிக்கிள் செல் உள்ள மகனும் பத்தாம் வகுப்பும்

கேள்வி: நீலகிரியில் பந்தலூர் பக்கம் இருக்கிறோம். மகன் ஒன்பதாவது படிக்கிறான். அவனுக்கு சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. மாதத்தில் நாலைந்து நாள் பள்ளிக்குப் போக முடிவதில்லை. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். பத்தாவது தேறுவது கஷ்டம் என்கிறார்கள். படிப்பை நிறுத்தித் தேயிலை எஸ்டேட்டில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம் அம்மா. அவன் உடம்புக்கு ஆகாத வேலைகளில் முதல் வரிசையில் இருப்பது எஸ்டேட் வேலைதான். சிக்கிள் செல் உள்ளவருக்கு வலி கிளம்பக் காரணமானவை குளிர், நனைதல், தாகம், கடும் உழைப்பு, காய்ச்சல். உடம்பில் நீர் வற்றினால் சிவப்பணுவுக்குள் இந்த நோயில் இருக்கும் மாறுபட்ட ஹீமோகுளோபின் செறிந்து, அணு அரிவாள்போல் வளைந்துவிடும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். வளைந்த அணுக்கள் அந்தக் குறுகலில் அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புதான் வலி. தேவாலா மழையில் இடுப்பில் படங்கை (தார்ப்பாயை) கட்டிக்கொண்டு சரிவில் நின்று கொழுந்து எடுப்பதும், மூட்டையைத் தூக்கி எடை போடும் இடத்துக்கு நடப்பதும் இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும். பக்கத்தில் கழிப்பறை இல்லையென்று பலர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவதும் உண்டு.

எஸ்டேட்டை ஒதுக்கினால் படிப்புதான் வழி. அதற்கு முன், அவன் ஏன் வாசிக்கத் திணறுகிறான் என்று தெரிய வேண்டும். "சிக்கிள் செல் பிள்ளை, லீவு ஜாஸ்தி, அதனால் மக்கு" என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். காரணம் நான்கில் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

பரணில் கிடக்கும் பழைய நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். மூன்றாம், நான்காம் வகுப்பு நோட்டு கிடைத்தால் நல்லது. ண-ன, ர-ற குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், அதை விடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறுகிறதா? 'கொ' எழுத வேண்டிய இடத்தில் 'கெ' இருக்கிறதா? கரும்பலகையைப் பார்த்து எழுதியதிலேயே எழுத்து விட்டுப்போகிறதா? ஒரே சொல்லை மேல்வரியில் சரியாகவும் கீழ்வரியில் தப்பாகவும் எழுதியிருக்கிறானா? வாய்விட்டுக் கேட்டால் பாடத்தைச் சரியாகச் சொல்கிறவன் எழுதச் சொன்னால் நாலு வரியில் நின்றுவிடுகிறானா? தொடக்க வகுப்பிலிருந்தே இப்படித்தான் என்றால் அது டிஸ்லெக்சியாவாக, அதாவது குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். சிக்கிள் செல்லோடு அதற்கு நேர்த் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம்.

ஐந்தாவது வரை நன்றாக வாசித்தவன் பிறகு சறுக்கினான் என்றால் கதை வேறு. சிக்கிள் செல்லில் மூளையின் சிறு குழாய்கள் சத்தமில்லாமல் அடைபடுவது உண்டு. வலி இருக்காது, கை கால் விழாது. மூன்று இலக்கக் கூட்டலில் பாதியில் எங்கே விட்டோம் என்று தெரியாமல் நிற்பது, ஒன்றாகச் சொன்ன மூன்று வேலையில் ஒன்றை மட்டும் செய்வது, கவனம் நழுவுவது என்று மெதுவாகத் தெரியவரும். இதற்குப் போக வேண்டிய இடம் மருத்துவமனை, டியூஷன் இல்லை. தலையின் ரத்தக்குழாய் ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் 2 வயதிலிருந்து 16 வயது வரை ஆண்டுக்கொரு முறை செய்ய வேண்டியது. செய்திருக்கிறார்களா, எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேளுங்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது காத்திருக்கும் விஷயம் இல்லை. உடனே 108.

மூன்றாவது காரணம் வெறும் விடுப்பு. விட்டுப்போன பாடத்தை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வாசிப்பு தேறத் தொடங்கும். தேறினால் அது குறைபாடு இல்லை. நான்காவது வீட்டுமொழி. வீட்டில் பணியர் மொழியோ குறும்பர் மொழியோ பேசி, பள்ளிக்கு வந்துதான் தமிழ் கேட்கும் பிள்ளையை வாசிப்புத் தேர்வில் மட்டும் பார்த்தால் குறைபாடு மாதிரிதான் தோன்றும். பரிசோதிக்கும் உளவியலாளரிடம் வீட்டில் என்ன மொழி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்க மறக்கலாம்.

வலி கிளம்பியிருக்கும்போதோ, ரத்தம் குறைந்து சோர்ந்திருக்கும்போதோ இந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகாதீர்கள். முதலில் நுண்ணறிவுத் தேர்வு நடக்கும். அதில் நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) 85-க்கு மேல் வந்தால்தான் கற்றல் குறைபாட்டுத் தேர்வுக்குப் போவார்கள். சோர்ந்துபோன நாளில் மதிப்பெண் விழுந்தால் கதவு அங்கேயே மூடிவிடும். உடம்பு தேறி, தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். மலையிறங்கிக் கோவைக்குப் போக நேர்ந்தால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். விடிகாலை பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவனைக் கூட்டிப்போய் உட்கார வைப்பதில் பயனில்லை.

இத்தனை பாடு எதற்கு, சிக்கிள் செல்லுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றுதான் இருக்கிறதே என்று பல வீடுகளில் நின்றுவிடுகிறார்கள். அங்கேதான் நட்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் சிக்கிள் செல் நோயும் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீடு இரண்டுக்கும் பொருந்தும். அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீடு அப்படியில்லை. அந்தப் பட்டியலில் சிக்கிள் செல் கிடையாது, கற்றல் குறைபாடு இருக்கிறது. சிக்கிள் செல் சான்று கல்லூரி வாசல் வரைதான் வரும். வேலை வாசலில் உதவப்போவது கற்றல் குறைபாட்டுச் சான்று. சிக்கிள் செல்லால் இடுப்பு மூட்டின் பந்து சிதைந்து நடை பாதித்தால் உடல் இயக்கக் குறைபாடாகச் சான்று பெறலாம், அதற்கும் வேலை ஒதுக்கீடு உண்டு. எனவே இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வாரக்கணக்கில் வலி நின்றால் "வழக்கமான வலிதான்" என்று விடாமல் படம் எடுத்துப் பாருங்கள்.

கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் ஒருமுறை பாருங்கள். 'எஸ்எஸ்' என்றால் நோய். 'ஏஎஸ்' என்றால் மரபணுவைச் சுமப்பவர் மட்டுமே. அதற்குச் சான்று கிடையாது, அடிக்கடி வரும் வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும். தாய், தகப்பன் இருவரும் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தம்பி தங்கைக்கும் பார்த்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டதே நீலகிரி மலைமக்களிடம்தான்.

சான்றுக்கு முதல் படி பள்ளி. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவர் வழியாக மருத்துவ முகாமுக்கோ மாவட்ட மருத்துவக் குழுவுக்கோ பெயர் போகும். ரத்தப் பரிசோதனை அறிக்கை, மருத்துவமனையில் படுத்த நாட்களின் டிஸ்சார்ஜ் தாள்கள், ஆதார், புகைப்படம், கூடவே அந்தப் பழைய நோட்டு இரண்டு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் சிகிச்சை பார்ப்பவர்கள் அங்கிருந்தே மருத்துவச் சுருக்கம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். கற்றல் குறைபாட்டுச் சான்று 8 வயதுக்கு மேல் தருவது. 14 வயதிலும் 18 வயதிலும் திரும்பப் பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். பழங்குடி வீடாக இருந்து சாதிச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போதே மனு போடுங்கள். எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அலைச்சல் அதிகம்.

கற்றல் குறைபாட்டுச் சான்று பத்தாம் வகுப்பு அரையாண்டுக்கு முன் கையில் இருக்க வேண்டும். பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தலைமையாசிரியர் வழியாகத்தான் தேர்வுத் துறையிடம் கேட்க வேண்டும். பிப்ரவரியில் ஓடினால் கிடைக்காது. மொழி விலக்கு இருக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். தமிழை விட்டால் மாநில அரசுத் தேர்வுகளில் தமிழ்த் தாள் குறுக்கே நிற்கலாம். ஆங்கிலத்தை விட்டால் சில படிப்புகளுக்கு அது தடையாகும். 35 மதிப்பெண் எட்டக்கூடியதாக இருந்தால் இரண்டையும் எழுத வைப்பதே எங்கள் யோசனை.

எழுத ஆள் கிடைத்துவிட்டால் பாஸ் என்று நினைப்பதும் தவறு. சொல்லி எழுத வைப்பது தனிப் பழக்கம். "முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி, அந்த வரியைத் திரும்பப் படியுங்கள்" என்று சொல்லத் தெரியாத பையன் பரீட்சை அறையில் ஊமையாக உட்கார்ந்துவிடுவான். காலாண்டிலிருந்தே வீட்டில் அக்காவையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ உட்கார வைத்துப் பழக்குங்கள். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும்போது அவனுக்குத் தண்ணீர் வேண்டும், நடுவில் எழுந்து போக வேண்டும். இதையும் அதே மனுவில் எழுதிக்கொடுங்கள்.

பள்ளியிலும் அதே கதைதான். சிக்கிள் செல்லில் சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்காது. நிறையக் குடிக்க வேண்டும், அடிக்கடி போக வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் மதியத்துக்குள் ஒருமுறை காலியாகி நிரம்பட்டும். கழிப்பறைக்கு விட மறுக்கும் ஆசிரியருக்கு மருத்துவர் கடிதத்தின் நகல். மழைக்காலத்தில் பையில் ஒரு மாற்றுச் சட்டை, காலுறை. பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். ரத்தம் ஏற்றிக்கொண்ட உடம்பில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கலாம். வலி வராமல் தடுக்கத் தரும் ஹைட்ராக்சியூரியா மருந்தை எழுதிக்கொடுத்திருந்தால் வலி இல்லாத மாதத்திலும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பத்தாவதுக்குப் பிறகு எந்தத் தொழில் என்றாலும் முதலில் நாலு கேளுங்கள். உட்கார்ந்து செய்யலாமா, பக்கத்தில் தண்ணீரும் கழிப்பறையும் உண்டா, நனையாத குளிராத இடமா, மாதம் மூன்று நாள் வராவிட்டால் வேலை போகுமா. இரவு ஷிப்டும் சுமையும் உள்ள வேலைகள் இதிலேயே கழிந்துவிடும். வனக்காவலர் வேலையில் மலைப்பிள்ளைகளுக்கு ஆசை அதிகம், காடு தெரிந்தவர்கள் வேறு. ஆனால் ஆண்களுக்கான நடைத்தேர்வு 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர். அதில் இவனை இறக்கிவிடாதீர்கள்.

ஐடிஐ நல்ல வழி. வயர்மேன், தையல் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது தேறியிருந்தாலே போதும், கணினி இயக்குநர் பிரிவுக்குப் பத்தாவது வேண்டும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்துவிட்டு மேலே சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பெண்பிள்ளை என்றால் புதுமைப் பெண். செல்போன் பழுதுபார்ப்பும் பொருந்தும். உட்கார்ந்த வேலை, பாகத்தை வடிவம் பார்த்தே பிடித்துவிடலாம், பாடம் பெரும்பாலும் வீடியோவில் இருக்கிறது. தையலில் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்லெக்சியா இருந்தால் இன்ச் டேப்பில் 14-ஐ 41 என்றும் 6-ஐ 9 என்றும் வாசிக்கக்கூடும். டேப்பில் பத்துக்கொரு இடத்தில் வேறுவேறு நிற நூலைத் தைத்துவிடுங்கள். "சிவப்புக்கு அடுத்த நாலு" என்று அளப்பான், துணி வீணாகாது. இடுப்பு வலி இருந்தால் கால்மிஷின் வேண்டாம், மோட்டார் போட்டுக்கொடுங்கள். மருந்துக்கடையைத் தவிர்ப்பது நல்லது. ஒரே மாதிரிப் பெயர்கள், தப்பினால் அடுத்தவர் உயிர்.

கல்லூரி என்று வந்தால் ஊட்டியா கூடலூரா என்பது வெறும் தூரக் கணக்கு இல்லை. கூடலூர் சுமார் 1,000 மீட்டர், ஊட்டி 2,200-க்கு மேல். டிசம்பர், ஜனவரியில் உறைபனி வேறு. ஊட்டி விடுதியில் சேர்க்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள், சுடுதண்ணீர் உண்டா என்று வார்டனைக் கேளுங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க மறந்து, பொதுக் கலந்தாய்வு நாளில் யுடிஐடி அட்டையோடு வந்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் நின்று, அந்தக் கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று திரையில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.