டிஎல்டி பேட்ஜ்: கேள்வி பதில்

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன் நான். கதிர்வீச்சு உள்ள இடத்தில் வேலை செய்பவர்கள், தங்கள் மேல் பட்ட கதிரை அளக்க மார்பில் குத்திக்கொள்ளும் டிஎல்டி பேட்ஜ் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கடலூரில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கும் தம்பி: பேட்ஜ் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது சார். துவைத்து, அயர்ன் பண்ணியாயிற்று. வெளியில் சொல்லாமல் விட்டுவிடலாமா?

சொல்லிவிடுங்கள் தம்பி, இன்றைக்கே. தண்ணீரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உள்ளே இருக்கும் மூன்று வில்லைகளும் டெஃப்லானோடு கலந்து அழுத்திய கால்சியம் சல்பேட். ஒரு துவையலுக்குத் தாங்கும். பயம் அயர்ன் பாக்ஸால்தான். கதிர் படும்போது படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து, ஆங்காங்கே உள்ள குழிகளில் விழுந்து மாட்டிக்கொள்கின்றன. அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆய்வகத்தில் வில்லையைச் சூடாக்குவார்கள். 220 டிகிரி செல்சியஸை ஒட்டி, மாட்டிய எலக்ட்ரான்கள் பெருமளவில் வெளியேற, அந்த ஆற்றல் ஒளியாக வரும். அந்த ஒளி எவ்வளவோ அவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று கணக்கு. ஆய்வகம் செய்ய வேண்டிய அந்த வேலையில் பாதியை உங்கள் அயர்ன் பாக்ஸ் செய்து முடித்திருக்கலாம். ஒருமுறை போன ஒளி திரும்பி வராது. நீங்கள் சொல்லாவிட்டால், குறைந்து வரும் அளவுதான் உங்கள் கணக்கில் ஏறும்.

லாஸ்பேட்டை கல்லூரி மாணவி: கால்சியம் சல்பேட் என்றால் ஜிப்சம்தானே? எங்கள் வீட்டு ஃபால்ஸ் சீலிங்கும் கதிர்வீச்சை அளக்குமா?

நல்ல கேள்வி அம்மா. ஜிப்சத்தில் தண்ணீர் சேர்ந்திருக்கும், பேட்ஜில் இருப்பது தண்ணீர் நீங்கியது. அதைவிட முக்கியம், அதில் துளியளவு டிஸ்ப்ரோசியம் என்ற தனிமத்தைக் கலந்திருப்பார்கள். ஒளியை உமிழ்வது அந்த டிஸ்ப்ரோசியம்தான், நீலத்திலும் மஞ்சளிலும். சீலிங்கில் அது இல்லை. நூறு சதவீதம் சுத்தமான படிகம் இந்த வேலைக்கு உதவாது என்பதுதான் இந்தத் துறையில் எனக்குப் பிடித்த விஷயம்.

அதே மாணவி: பிறகு ஏன் மூன்று வில்லைகள்?

கால்சியம் சல்பேட்டின் சராசரி அணு எண் நம் உடல் திசுவைவிட அதிகம். அதனால் குறைந்த ஆற்றல் எக்ஸ்ரேயை அது பல மடங்கு பெரிதாகக் காட்டும். ஒரு வில்லைக்கு மேல் உலோகம், இன்னொன்றுக்கு மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. மூன்றின் அளவையும் ஒப்பிட்டு, பட்டது என்ன கதிர் என்று பிரித்தறிவார்கள். இதற்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய லித்தியம் ஃபுளோரைடு திசுவுக்கு நெருக்கமானது, ஆனால் ஒளி குறைவு.

அரியாங்குப்பம் நண்பர்: அரிக்கமேட்டில் கிடைத்த பானை ஓடு ஒன்று பல வருஷமாக வீட்டு அலமாரியில் இருக்கிறது. இதே முறையில் வயது பார்க்கலாமா?

முறை இதேதான். சூளையில் வெந்தபோது களிமண்ணில் உள்ள குவார்ட்ஸின் குழிகள் காலியாகிவிடும். அன்றிலிருந்து ஓட்டிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் வெளிவிடும் கதிர் அவற்றை எலக்ட்ரான்களால் நிரப்பிக்கொண்டே வரும். மொத்தக் கதிரளவை ஓர் ஆண்டுக்கான அளவால் வகுத்தால் வயது. ஆனால் ஆண்டு அளவை அறிய, ஓடு புதைந்திருந்த மண்ணும் வேண்டும். அலமாரி ஓட்டுக்கு அது இல்லையே! 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அடுக்கடுக்காகத் தோண்டிய இடம் அது, பாதுகாக்கப்பட்ட இடமும்கூட. இனி எதைப் பார்த்தாலும் எடுக்காதீர்கள். கையில் உள்ளதைத் தொல்லியல் துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு செவிலியர்: பேட்ஜை ஈய ஏப்ரனிலேயே குத்தி, எக்ஸ்ரே அறைக்குள் மாட்டி வைக்கிறோம். சௌகரியமாக இருக்கிறது. தப்பா அண்ணா?

தப்புதான் தங்கச்சி. நான் பார்த்த ஓர் இடத்தில் இப்படித் தொங்கிய பேட்ஜ் மூன்று மாதத்தில் பெரிய அளவு காட்டியது. அந்தப் பையன் விசாரணைக்குப் போய் நின்றான், உடம்பில் பட்டது என்னவோ சொற்பம். ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் (உடம்பில் பட்ட கதிரை அளக்கும் அலகு) என்ற வரம்பு உங்கள் உடம்புக்கு, சுவருக்கு இல்லை. ஏப்ரனுக்கு உள்ளே மார்பில் அணியுங்கள். வேலை முடிந்ததும் கதிர் வராத அறையில், வெயிலும் சூடும் படாமல், யாரும் அணியாமல் ஒப்பீட்டுக்கு வைக்கும் கன்ட்ரோல் பேட்ஜோடு சேர்த்து வையுங்கள்.