லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்போது, வண்டி தரையில் நின்றபின் போல்ட்டை இறுக்கச் சொல்வது ஏன்?

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை. அதன் மூட்டில் இருக்கும் புஷ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள். நடுவில் ரப்பர், பெரும்பாலும் இரண்டிலும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது.

சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும். கழுத்தைத் திருப்பியபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது மாதிரிதான். புதுப் புஷ் சீக்கிரமே கிழிவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆகவே போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரங்கள் ராம்ப்பின் மேல் நிற்கும்படி வண்டியை ஏற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. பழைய புஷ்ஷை எடுக்குமுன் அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஆர்மில் குறியிடுங்கள். ரப்பரில் இடைவெளி உள்ள புஷ் திசை மாறினால் வேலை கெடும். புதுப் புஷ்ஷை உள்ளே தள்ள வைஸோ பிரஸ்ஸோ (அழுத்தித் தள்ளும் கருவிகள்) பயன்படுத்துங்கள். சுத்தியல் வெளிக்குழாயை நசுக்கிவிடும். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

சத்தம் வந்தால் கிரீஸோ எண்ணெயோ விட்டால் சரியாகும் என்பது தவறு: இரு குழாய்களிலும் ஒட்டிய ரப்பர் புஷ்ஷில் உராயும் பரப்பே இல்லை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி மென்மையாகிவிடும்.